ஊர்த் தேவாலயத்தை வாங்குவதற்கு முன்னால்

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். இங்கிலாந்தில், முந்நூறு பேர் வாழும் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறீர்கள். ஊர்க்கடை போய்விட்டது, பப்பும் போய்விட்டது. நடுவில் 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஞாயிறு ஆராதனை நின்று இரண்டு வருடமாகிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து அதை வாங்கி, கடை, காபி, குழந்தைகள் விளையாட இடம், முதியவர்கள் வந்து உட்கார இடம் எல்லாம் சேர்ந்த பொதுக்கூடமாக்கலாம் என்கிறார்கள். உங்களையும் குழுவில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். நடக்கிற காரியமா, எவ்வளவு ஆகும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரியைப் படித்தால் உங்கள் கவலை வேறு என்று தெரிகிறது: ஊருக்குப் புதிதாக வந்தவர் இதில் பெயரைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு, நாளைக்குக் கூரை ஒழுகினால் பொறுப்பு யார் தலையில் விழும்? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இங்கிலாந்துத் திருச்சபையின் ஒவ்வொரு தேவாலயத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்பது 1955 முதல் சட்டம். அந்த அறிக்கைகளை எழுதுவது என் வேலையில் பெரும்பகுதி. கட்டடத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் வேலையில் பழகித் தெரிந்துகொண்டது, அதனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் அறக்கட்டளைச் சொத்து விவகாரம் தெரிந்த ஒரு சொலிசிட்டர் கட்டாயம் வேண்டும். இன்னொன்று, நான் சொல்வது இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும்தான் பொருந்தும். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற மற்ற சபைகளின் சாப்பல்கள் (வழிபாட்டுக்கூடங்கள்) கதை வேறு. அவை பெரும்பாலும் சாதாரணச் சொத்து போலவே சந்தைக்கு வரும். வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில்கூட ஒரு பழைய சாப்பலில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் சட்டமே தனி.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: உங்கள் தேவாலயம் சட்டப்படி மூடப்பட்டுவிட்டதா, இல்லை ஆராதனை மட்டும் நின்றிருக்கிறதா? ஊரில் எல்லோரும் "மூடியாச்சு" என்றுதான் சொல்வார்கள். கதவில் பூட்டு தொங்கினாலும், வாசலில் நாணல் மாதிரி புல் வளர்ந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது இன்னும் ஊர்த் தேவாலயமாக இருக்கலாம். முறையான மூடலுக்கு ஒரு வழி இருக்கிறது. திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழ் வரும் பகுதி) முடிவெடுத்து, பேராயர் வழியாக லண்டனில் உள்ள சர்ச் கமிஷனர்கள் என்ற திருச்சபையின் மைய அமைப்புக்குப் போய், அவர்கள் வரைவுத் திட்டம் வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல 28 நாள் கொடுத்து, அதற்குப் பிறகுதான் மூடல் நடைமுறைக்கு வரும். இதெல்லாம் 2011ஆம் ஆண்டின் 'மிஷன் அண்ட் பாஸ்டரல் மெஷர்' என்ற திருச்சபைச் சட்டத்தின்படி நடக்கிறது. உங்கள் ஊரில் அந்த நோட்டீஸை யாரும் பார்த்த மாதிரி நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் மூடப்படாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் பகுதியின் ஆர்ச்டீக்கனுக்கு (பேராயருக்கு அடுத்த நிலையில் உள்ள குரு) ஒரு மின்னஞ்சல் போட்டால் ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

இந்த ஒரு பதிலில்தான் உங்கள் திட்டத்தின் பாதி இருக்கிறது. என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இன்னும் மூடப்படவில்லை என்றால், மூட விடாதீர்கள், வாங்குகிற பேச்சையும் தள்ளிவையுங்கள். தேவாலயமாக இருக்கும்போதே அதற்குள் கடையும் காபியும் கொண்டுவருவது, மூடிய பிறகு வாங்கி மாற்றுவதைவிடப் பல மடங்கு எளிது. கட்டடத்தில் ஒரு பகுதியை வேறு பயன்பாட்டுக்குக் குத்தகைக்கு விடலாம் என்று 2006இல் திருச்சபைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கட்டடம் மொத்தத்தில் முதன்மையாக வழிபாட்டிடமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வாரம்தோறும் ஆராதனை நடந்தாக வேண்டும் என்றில்லை. வருடத்தில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுவடை விழா, ஒரு திருமணம், இரண்டு அடக்க ஆராதனை என்று நடக்கும் 'ஃபெஸ்டிவல் சர்ச்' ஏற்பாடு பல கிராமங்களில் இப்போது இருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் ஊர் யார்ப்போல். ஹெரஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் பக்கத்தில் உள்ள சின்னக் கிராமம். ஊர்க்கடை போனதும் ஊர்க்காரர்களே கடை நடத்த ஆரம்பித்தார்கள். 2009இல் அந்தக் கடையையும் தபால் நிலையத்தையும் புனித லியோனார்ட் தேவாலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் மேற்குப் பக்கம் ரொட்டியும் பாலும் செய்தித்தாளும், மேலே மாடத்தில் காபி, கிழக்கே பீடப்பகுதியில் ஆராதனை. கட்டடத்தை விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபை கூடுகிறது, மற்ற நாளெல்லாம் ஊர் கூடுகிறது. அதே மாவட்டத்தில் பீட்டர்சர்ச் என்ற ஊரில் நார்மன் காலத்துத் தேவாலயத்தின் கோபுர அடியில் நூலகம் வைத்திருக்கிறார்கள். (அந்தக் கோபுரத்தின் கூம்பு ஃபைபர்கிளாஸ். நிறைய பேர் நம்ப மாட்டார்கள்.) ஹெரஃபோர்ட் நகரத்திலேயே ஆல் செய்ன்ட்ஸ் தேவாலயத்தில் 1997 முதல் காபிக்கடை நடக்கிறது, மதியம் போனால் இடம் கிடைப்பது கஷ்டம். மூன்றுமே வழிபாடு நடக்கும் இடங்கள்தான்.

இந்த வழியில் நடைமுறை லாபங்கள் உண்டு. வழிபாட்டில் உள்ள இங்கிலாந்துத் திருச்சபைக் கட்டடத்துக்குள் மாற்றம் செய்ய நகர்மன்றத்தின் லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் (பாதுகாக்க வேண்டியது என்று பட்டியலிட்ட கட்டடத்தை மாற்ற வாங்கும் அனுமதி) தேவையில்லை. திருமண்டலத்தின் 'ஃபாக்கல்ட்டி' அனுமதி போதும். அதுவும் லேசில் கிடைப்பதில்லைதான், ஆனால் அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் தேவாலயங்களையே பார்த்துப் பழகியவர்கள். முழு விண்ணப்பம் போடும் முன்பே நேரில் வந்து பார்த்து ஆலோசனை சொல்வார்கள். கட்டடத்துக்கு வெளியே கை வைத்தாலோ, பயன்பாடு கணிசமாக மாறினாலோ நகர்மன்றத்தின் திட்ட அனுமதி தனியாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், கட்டடத்தின் உரிமையும் அதன் கடைசிப் பொறுப்பும் உங்கள் குழுவின் தலையில் வந்து உட்காராது.

சரி, மூடல் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கதவு அடைபடவில்லை, ஆனால் பாதை நீளம். மூடிய நாளிலிருந்து அதிகபட்சம் இரண்டு வருடம் 'பயன்பாடு தேடும் காலம்'. அதுவரை கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது திருமண்டலத்தின் நிதி வாரியம். பொருத்தமான பயன்பாடு கிடைத்தால் சர்ச் கமிஷனர்கள் விற்பார்கள் அல்லது குத்தகைக்கு விடுவார்கள். கிடைக்காவிட்டால், கட்டடம் மிகச் சிறந்ததாக இருந்தால், மூடிய தேவாலயங்களைப் பராமரிக்கும் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் எடுத்துக்கொள்ளலாம். 1969இல் தொடங்கிய இந்த அமைப்பின் கையில் 350க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இருக்கின்றன. புதிதாக எடுப்பது அபூர்வம். இல்லாவிட்டால் இடிப்பு. கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார் (பட்டியலில் மிக உயர்ந்த இரண்டு தரங்கள்) கட்டடத்தை இடிக்க விடுவது மிக அரிது என்பதால் அந்தப் பயம் வேண்டாம். பூட்டிய நிலையில் பல வருடம் கிடப்பதுதான் உண்மையான ஆபத்து. லிங்கன்ஷயரில் பாஸ்டன் பக்கம் பெனிங்டன் என்ற ஊரின் கிரேடு 1 தேவாலயம் 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஊர் மக்களின் அறக்கட்டளை லாட்டரி நிதியெல்லாம் திரட்டி அதைப் பொதுக்கூடமாகத் திறக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. இப்போது அங்கே எல்லாம் நடக்கிறது. ஆனால் அந்த இருபது வருடத்தையும் உங்கள் குழுவிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பொறி. "சமூக மதிப்புள்ள சொத்து என்று நகர்மன்றத்தில் பதிந்துவிட்டால் ஆறு மாதம் விற்பனையை நிறுத்தி வைக்கலாம்" என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி பப்புக்கும் கடைக்கும் அது உதவும். மூடப்பட்ட இங்கிலாந்துத் திருச்சபைத் தேவாலயத்தைத் திருச்சபைச் சட்டப்படி விற்பதற்கு அந்த ஆறு மாதத் தடை பொருந்தாது. விதிகளிலேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வாங்குகிற பத்திரத்திலும் நிபந்தனைகள் இருக்கும்: சொன்ன பயன்பாட்டைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, மனித எச்சங்களைத் தொடக் கூடாது, நினைவுக்கற்களைப் பெயர்க்கக் கூடாது, சில இடங்களில் மது விற்கக் கூடாது. கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் விற்பனையில் சேராது. கல்லறைக்கு வரும் குடும்பங்களுக்கு வழிவிட வேண்டும். அப்படியானால் வண்டி நிறுத்த இடம் எங்கே? கிராமத்துத் திட்டங்களில் நெடுஞ்சாலைத் துறை ஆட்சேபம் சொல்கிற முதல் விஷயம் இதுதான், கல்லறைகள் மேல் கார் நிறுத்தவும் முடியாது.

மூடிய பிறகு திருச்சபையின் ஃபாக்கல்ட்டி வழி போய்விடும். பயன்பாட்டை மாற்ற நகர்மன்றத்தின் திட்ட அனுமதி, உள்ளே எதைத் தொட்டாலும் லிஸ்டட் பில்டிங் கன்சென்ட், இரண்டும் வேண்டும். அனுமதியில்லாமல் பட்டியலிட்ட கட்டடத்தை மாற்றுவது கிரிமினல் குற்றம். இதில் கொஞ்சம்கூட மிகை இல்லை. யாராவது ஆர்வக்கோளாறில் சனிக்கிழமை வந்து பெஞ்சுகளைக் கழற்ற ஆரம்பித்தால் உடனே தடுங்கள்.

இனி என் சொந்த வயல், கட்டடம். உங்கள் தேவாலயத்தை நான் பார்த்ததில்லை, அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். வெயில் நாளில் போய்ப் பயனில்லை. நல்ல மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். வார்ப்பிரும்புக் குழாயின் பின்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், பெயின்ட் பார்க்காத இடம். அங்கேதான் துருப்பிடித்து வெடித்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் குழாய் நன்றாக இருக்கும். பின்னால் சுவரில் மட்டும் கையகலப் பச்சைப் பட்டை ஒன்று மேலிருந்து கீழே வரை இறங்கியிருக்கும். குழாயின் தலையில் உள்ள பெட்டியில் புறாக்கூடும் ஒரு சைக்கமோர் மரக்கன்றும் இருந்தால், உள்ளே அதே இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு உப்பு பூத்து உதிர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் கல்லிடுக்குப் பூச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பானால் லேசாக உதிரும். சாம்பல் நிறத்தில் இரும்பு மாதிரி நின்றால் சிமென்ட். சுவருக்குள் போன ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைத்து, கல்லையே செதில் செதிலாக உரிக்கும். சென்ற நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு செய்த சிமென்ட் வேலையால் கெட்ட சுவர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன்.

ஊர்க்காரர்கள் கேட்டதும் திகைப்பது கூரைச் செலவைப் பார்த்து. என்னைக் கேட்டால் அதைவிடத் தலைவலி குளிர். நடுத்தரமான ஒரு கிராமத் தேவாலயக் கூடம் 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம் என்று வையுங்கள்: 1,440 கன மீட்டர் காற்று. உங்கள் வீட்டு வரவேற்பறை 50 கன மீட்டர்கூட இருக்காது. கிட்டத்தட்ட முப்பது வரவேற்பறையை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னலோடு, கூரையில் காப்பே இல்லாமல், ஜனவரியில் சூடாக்க வேண்டும். சூடு மேலே போய் உத்தரத்தில் உட்கார்ந்துகொள்ளும். கீழே முதியவர்கள் கோட்டைக் கழற்ற மாட்டார்கள். வேகமாகச் சூடேற்றினால் குளிர்ந்த கல்லில் நீர் கோத்துப் பழைய மரவேலை விரிசல் விடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கட்டடத்தைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆட்களைச் சூடாக்குகிறார்கள்: கதிர்வீச்சு ஹீட்டர்கள், அல்லது பெரிய கூடத்துக்குள்ளேயே காப்பிட்ட மர அறை ஒன்று, சுவரைத் தொடாமல் தனியாக நிற்பது. போல்டன் நகரத்தில் ஆல் சோல்ஸ் தேவாலயத்தில் கட்டடத்துக்குள் கட்டடமாக இப்படிச் செய்து 2014இல் திறந்தார்கள்; சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்டின் திட்டம், நகரத்துக் கட்டடம், உங்களுடையதைவிடப் பெரிது. ஆனால் யோசனை சின்ன ஊருக்கும் பொருந்தும். கோபுர அடியை அடைத்து இருபது பேர் உட்காரும் சூடான அறை ஆக்கினாலே குளிர்கால வாரநாட்களுக்குப் போதும். கோடையில் முழுக் கூடமும் உங்களுக்குத்தான்.

அடுத்தது தண்ணீர். பல கிராமத் தேவாலயங்களில் குழாய் இணைப்பே கிடையாது, மலர்க்கொத்துக்குத் தண்ணீர் வெளியே பீப்பாயில் இருக்கும். கழிப்பறை இல்லாத பொதுக்கூடம் கூடமே இல்லை. குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் கல்லறைத் தோட்டம் வழியாகத்தான் போக வேண்டும். ஆறேழு நூற்றாண்டாக அடக்கம் நடந்த மண்ணில் எலும்பு வராத இடமே கிடையாது. தேவாலயத்துக்குள் தரைக்கல்லுக்குக் கீழேயும் அப்படித்தான். தோண்டும்போது தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும், வரும் எலும்புகளை அதே வளாகத்தில் மரியாதையோடு மறு அடக்கம் செய்ய வேண்டும், அதற்கெல்லாம் அனுமதியும் செலவும் உண்டு. தரைக்கடியில் குழாய் பதித்துச் சூடேற்றும் யோசனையை யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். எப்போதாவது பயன்படும் கழிப்பறைக்கு 'ட்ரெஞ்ச் ஆர்ச்' என்ற எளிய முறை இருக்கிறது: ஆழமில்லாத கால்வாய், மேலே பலகைக்கல், மீதியை மண்ணும் மண்புழுவும் பார்த்துக்கொள்ளும். ஞாயிறு மட்டும் ஆள் வரும் இடத்துக்கு அது அருமை. தினமும் காபிக்கடை நடந்தால் தாங்காது.

வௌவால். இருக்கிறதா இல்லையா என்பதை ஆய்வு செய்துதான் சொல்ல முடியும், ஆனால் பழைய கூரையில் இருக்கும் என்று நினைத்துத் திட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. அவை தங்கும் இடத்தைக் குலைப்பதும் குற்றம். மாலையில் வெளியேறுவதைக் கணக்கெடுக்கும் ஆய்வு மே முதல் செப்டம்பர் வரைதான் சரிவரும். அக்டோபரில் நினைத்துக்கொண்டால் ஒரு வருடம் போச்சு. பெஞ்சுகளை எடுப்பதும் ஊரார் நினைப்பது போல் சுலபமில்லை. விக்டோரியா காலத்துச் சாதாரணப் பைன் மர பெஞ்சுகளை ஓரளவு அகற்ற விடுவார்கள். இடைக்காலச் செதுக்குவேலை உள்ள பெஞ்சு முனைகள் இருந்தால் மறந்துவிடுங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, விக்டோரியன் சொசைட்டி, 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் என்று பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்புகள் எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். எதிரிகளாக நினைக்காமல் ஆரம்பத்திலேயே கூப்பிட்டுக் காட்டுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டீர்கள். பார்க்காத கட்டடத்துக்கு எண் சொல்லும் ஆளை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. தோராயமாக ஒன்று சொல்லலாம்: கழிப்பறை, சின்னச் சமையல் மேடை, சரிவுப்பாதை என்று அளவாகச் செய்தாலே ஒரு லட்சம் பவுண்டைத் தொட்டுவிடும், கூரை, தரை, மின்சாரம், உள்ளே தனி அறை என்று முழுதாகச் செய்தால் பத்து லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். இதற்கு மேல் 20 சதவீதம் வாட் வரி. பட்டியலிட்ட கட்டடங்களில் அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு முன்பு இருந்த வரிவிலக்கை 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். 3 லட்சம் பவுண்டு வேலைக்கு 60,000 பவுண்டு வரி என்பதை உங்கள் பொருளாளர் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். வழிபாட்டில் உள்ள பட்டியலிட்ட கட்டடங்களுக்கு இந்த வரியைத் திருப்பித் தரும் மானியம் இருந்தது. அதற்கும் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 25,000 பவுண்டு உச்சவரம்பு வந்தது. அது அதே வடிவில் தொடரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பழைய வழிகாட்டிக் கையேடுகளில் சமூக உடைமை நிதி என்று ஒன்றைப் பரிந்துரைத்திருப்பார்கள். 2021இல் அரசு தொடங்கிய அந்த நிதியை 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இப்போது பெரிய கை என்றால் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதிதான். இரண்டரை லட்சம் பவுண்டு வரை ஒரே கட்டம், அதற்கு மேல் இரண்டு கட்ட விண்ணப்பம். அவர்கள் அழகான கட்டடத்துக்குப் பணம் தருவதில்லை. அதில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டுத்தான் தருகிறார்கள். கடை வைப்பதானால் பிளங்கெட் யூகே என்ற அமைப்பிடம் பேசுங்கள், கிராமக் கடைகள்தான் அவர்களுடைய சிறப்பு.

எத்தனை கூட்டங்களில் இருந்தாலும் யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. கடை வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், ஒரு நேரத்தில் இரண்டு பேர். வாரத்துக்கு 72 மணி நேர உழைப்பு. ஆளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 24 தன்னார்வலர்கள், ஒவ்வொரு வாரமும், பிப்ரவரியிலும். முந்நூறு பேர் உள்ள ஊரில் குழந்தைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் கழித்துவிட்டு அந்த 24 பேரைப் பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் கட்டடத்தைப் பற்றி யோசிக்கலாம். பக்கத்தில் ஏற்கெனவே ஊர்மண்டபம் ஒன்று இருந்து, அது பாதி நாள் காலியாகக் கிடந்தால், இரண்டாவது கூடத்துக்குப் பதில் கடையை மட்டும் தேவாலயத்துக்குள் கொண்டுவருவதுதான் சரி.

இப்போது உங்கள் கையெழுத்துக் கவலை. இது நியாயமான கவலை, வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர் மட்டும் வைத்துக்கொண்டு இயங்கும் பதிவில்லாத குழுவில், ஒப்பந்தம் போட்டால் போட்டவர்கள் சொந்தப் பொறுப்பில் மாட்டுவார்கள். அறக்கட்டளை நிறுவனமாகப் பதிந்தால், அதாவது இங்கே சி.ஐ.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வது, சாதாரணக் கடனுக்கு உறுப்பினர்களின் சொந்தச் சொத்தைத் தொட முடியாது. ஊரார் பணம் போட்டுப் பங்கு வாங்கும் திட்டமென்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நலச் சங்கமாகப் பதியலாம். எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. பதிவு முடியும் வரை ஒப்பந்தம், காப்பீடு, ஆர்க்கிடெக்ட் கடிதம் எதிலும் உங்கள் பெயர் வர வேண்டாம். குழுவில் இருங்கள், பேசுங்கள், டீ போடுங்கள். பேனாவை மட்டும் எடுக்காதீர்கள்.

ஆகவே இந்த மாதத்துக்கு இரண்டே வேலை. ஆர்ச்டீக்கனிடம் மூடல் நிலவரத்தைக் கேளுங்கள். மூடவில்லை என்றால் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடும் வழியைப் பற்றிப் பேச நேரம் கேளுங்கள். அதே கடிதத்தில் கடைசி ஐந்தாண்டு ஆய்வறிக்கையின் நகலையும் கேளுங்கள். சபைக் குழுவின் பழைய பொருளாளர் வீட்டு அலமாரியில் அது தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அதில் கடைசிப் பக்கங்களில் வேலைகளை அவசரம், ஒரு வருடத்துக்குள், ஐந்து வருடத்துக்குள் என்று பிரித்திருப்பார்கள். அறிக்கை கைக்கு வந்ததும் அந்தப் பட்டியலையும் மழைநீர்ப் பகுதியையும் மட்டும் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஊர்ப்பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள், ஈயக் கூரை உள்ள பூட்டிய தேவாலயம் எங்கே இருக்கிறது என்று திருடர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டாம்.